வலையை இறக்கியது டெல்மர் அல்ல

ரிக் ஸ்டாங்கி என் வீட்டு வாசலில் வந்து நின்றபோது அவன் கையில் ஒரு சிவப்பு டி-ஷர்ட் இருந்தது. நெஞ்சில் பெரிதாக 38 என்று போட்டிருந்தது. அதற்குக் கீழே ஒரு கார் ஜன்னல், ஜன்னலுக்குள்ளிருந்து நீளும் ஒரு கை, அந்தக் கை இறக்கிவிடும் ஒரு வலை. "கடைசிவரை நம்ம டெல்மர்" என்று எழுதியிருந்தது. பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

"ஒரு சைஸ் பெருசாவே எடுத்துட்டேன் ஆர்லீன். துவைச்சா சுருங்கிடும்" என்றான்.

"உங்கப்பன் புத்தி உனக்கு அப்படியே வந்திருக்குடா" என்றேன். அவன் அதைப் பாராட்டு என்று நினைத்துக்கொண்டு சிரித்தான்.

எங்கள் ஆல்டன் க்ரீக்கில் கண்காட்சித் திடலைச் சுற்றி அரை மைல் மண் தடம் ஒன்று இருக்கிறது. அதில் கார்ப் பந்தயம் நடத்துவது ஸ்டாங்கி குடும்பம். அப்போது அப்பன் மெர்ல், இப்போது மகன் ரிக். இந்த வருடக் கண்காட்சியின் கடைசி நாளில் "டெல்மர் ப்ரோகோப் நினைவுப் பந்தயம்" நடத்தப் போகிறார்களாம். பந்தயம் தொடங்கும் முன் எல்லாக் கார்களும் வரிசையாக நிற்குமாம். டெல்மரின் காரைப் போலவே புதிதாக ஒன்று செய்து வைத்திருக்கிறார்களாம். அதில் டெல்மரின் மகள் ஜோடி உட்கார்ந்து முதலில் ஜன்னல் வலையை இறக்க வேண்டுமாம். பிறகு எல்லா ஓட்டுநர்களும் ஒரே நேரத்தில் இறக்குவார்களாம்.

"கேலரியே அழும் பாரு" என்றான் ரிக்.

அவன் முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்தினேன். டி-ஷர்ட்டை வாசற்படியிலேயே போட்டுவிட்டுப் போனான். அதை எடுத்துக் கைப்பையில் திணித்தேன். எதற்கு என்று அப்போது எனக்கே தெரியாது.

நம்ம டெல்மராம்! டெல்மர் ப்ரோகோப் என் அண்ணன். வாரம் முழுக்கப் பால் டேங்கர் ஓட்டினான். பண்ணை பண்ணையாகப் போய்ப் பாலை உறிஞ்சி, சீஸ் ஆலையில் கொண்டுபோய் விடும் வேலை. சனிக்கிழமை சாயந்தரம் வந்தால் பந்தயக் கார். அதுவும் ஒரு காலத்தில் யாரோ குடும்பத்தோடு தேவாலயத்துக்குப் போய்வந்த செவர்லேதான். இருக்கைகளையும் கண்ணாடியையும் பிடுங்கிப் போட்டுவிட்டு, உள்ளே இரும்புக் குழாயால் கூண்டு கட்டியிருந்தான். வண்ணம் அடிக்கத் தனியாகக் காசு எதற்கு என்று மாட்டுக் கொட்டகைக்கு அடித்து மிச்சமிருந்த சிவப்பையே பூசினான். 38 என்ற எண்ணை நான்தான் எழுதினேன். எட்டு கோணலாகப் போய்விட்டது. "இருக்கட்டும் விடு, எட்டு வளைஞ்சா திருப்பத்துல வசதி" என்றான்.

எழுபதுகளிலும் எண்பதுகளின் தொடக்கத்திலும் இந்த மாவட்டத்தில் அவனைத் தெரியாத ஆள் கிடையாது. மற்றவர்கள் தடத்தின் உள்பக்கத்தை ஒட்டி ஓட்டுவார்கள். அவன் மட்டும் மேலே, சுவரை உரசியபடி, ஈர மண்ணை வாரி இறைத்துக்கொண்டு வருவான். அந்த மண் முழுக்கக் கேலரியின் கீழ் வரிசைகளில் வந்து விழும். அதற்காகவே பழைய கோட்டை மாட்டிக்கொண்டு அங்கே இடம் பிடிக்கிறவர்கள் இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வரும்போதும் அந்த மண்ணைத் துடைக்காமல் வருவார்கள். "டெல்மர் மண்ணு ஃபாதர்" என்று பாதிரியாரிடமே பெருமை பேசிய ஆட்களை நான் பார்த்திருக்கிறேன்.

தோற்றுவிட்டால் திங்கட்கிழமை அவனுக்கு நிம்மதி கிடையாது. பால் எடுக்கப் போகும் ஒவ்வொரு பண்ணையிலும் ஒரு வாத்தியார் நிற்பார். "மூணாவது திருப்பத்துல என்னடா தூங்கிட்டியா?" என்று கேட்டுக்கொண்டே அந்த வீட்டு அம்மா அவன் கையில் கேக்கைத் திணிப்பாள். எல்லா வீட்டுக் கேக்கையும் தின்பான், எல்லார் திட்டையும் கேட்பான். ஜெயித்துவிட்டு மைக்கைப் பிடித்தால் அவனுக்கு நாக்கு எழாது. ஒருமுறை, "மாடுங்களுக்கு நன்றி. அதுங்க பால் குடுக்கறதாலதான் எனக்கு வேலை இருக்கு" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டான். அது அவன் பேசியதிலேயே நீளமான பேச்சு.

அவன் ஒன்றும் மகான் இல்லை. ஒரு ஏப்ரல் மாதக் காலையில் என் கார் பேட்டரியைச் சொல்லாமல் கழற்றிக்கொண்டு பந்தயத்துக்குப் போய்விட்டான். நான் பள்ளிக்கூடச் சமையலறை வேலைக்கு மழையில் நடந்து போனேன். மகளின் பிறந்தநாளை மறந்தான், கல்யாண நாளை மறந்தான், பல் வைத்தியரை வேண்டுமென்றே மறந்தான். ஆனாலும் ஜோடிக்கு அப்பாதான் எல்லாம். கேலரியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு சுற்றுக்கும் எழுந்து நின்று தொண்டை கட்டும் வரை கத்துவாள்.

இப்போது வலைக்கு வருகிறேன். கார் உருளும்போது ஓட்டுநரின் கை வெளியே வந்து நசுங்காமல் இருக்க ஜன்னலில் ஒரு நாடா வலை கட்டியிருக்கும். மோதிய காருக்குள் ஆள் நன்றாக இருந்தால் அவரே கொக்கியைக் கழற்றி வலையை இறக்கிவிடுவார். எனக்கு ஒன்றுமில்லை என்று அதற்கு அர்த்தம். வலை இறங்காவிட்டால் ஆம்புலன்ஸ் யாரையும் கேட்காமல் ஓடியாக வேண்டும். டெல்மர் இதிலும் தனக்கென்று ஒரு வழக்கம் வைத்திருந்தான். வலையை இறக்கிவிட்டு, வெறுங்கையை வெளியே நீட்டிக் கார்க் கூரையில் இரண்டு தட்டு தட்டுவான். உடனே கேலரியில் எல்லோரும் பலகையில் இரண்டு தட்டு தட்டுவார்கள். அவன் கையுறை போட்டு ஓட்டியதே கிடையாது. ஸ்டியரிங் பேசுவது கையுறைக்குள் கேட்காது என்பான்.

1983, கண்காட்சியின் கடைசி நாள், ஞாயிறு மதியம். நாற்பது சுற்றுப் பந்தயம். மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. எங்கள் தடத்தில் ஒரு விதி உண்டு. பாதிச் சுற்றுகள் முடிந்துவிட்டால், பிறகு மழை கொட்டினாலும் அது முழுப் பந்தயம்தான், யாருக்கும் டிக்கெட் காசைத் திருப்பித் தர வேண்டியதில்லை. பாதிக்கு முன்னால் நின்றுபோனால் தந்தாக வேண்டும். இன்னொரு விதி, ஆம்புலன்ஸ் தன் இடத்தை விட்டுப் போய்விட்டால் அது அங்கே திரும்பும் வரை ஒரு காரும் ஓடக் கூடாது. எங்களிடம் இருந்தது ஒரே ஆம்புலன்ஸ்.

பாதியைத் தொட இன்னும் இரண்டு சுற்று இருந்தது. முன்னால் போன காரின் சக்கரம் கழன்றது. டெல்மர் ஸ்டியரிங்கை ஒடித்தான். கார் சுழன்று, ஓட்டுநர் பக்கமாகவே போய்ச் சுவரில் மோதி, எகிறி வந்து நடுத் தடத்தில் எங்களைப் பார்த்தபடி நின்றது. கார்களை மெதுவாக்கச் சொல்லும் மஞ்சள் கொடி விழுந்தது. கேலரி முழுக்க எழுந்து நின்றது. ஜோடி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு அப்போது எட்டு வயது.

இழுவை லாரிக்காரன் நார்பர்ட் ஓடிப் போய் ஜன்னலுக்கு முன்னால் குனிந்தான். அவன் முதுகு மறைத்தது. வலையின் மேல் ஓரம் ஆடியது. மஞ்சளாக ஏதோ தெரிந்தது, வலை விழுந்தது. கேலரி ஆர்ப்பரித்தது. எல்லோரும் பலகையைத் தட்டினார்கள், ஜோடியும் தட்டினாள். ஆனால் காரின் கூரையில் யாரும் தட்டவில்லை. வெறுங்கை எதுவும் வெளியே வரவில்லை. நான் பார்த்தது இழுவை லாரிக்காரர்கள் மாட்டுகிற மஞ்சள் தோல் கையுறை.

டெல்மரைக் காருக்குள்ளேயே வைத்து, மைதானத்தின் நடுவில் கார்கள் நிற்கும் இடத்துக்கு இழுத்துப் போனார்கள். மறுபடி ஓட்டச் சொல்லிப் பச்சைக் கொடி காட்டினார்கள். கார்கள் ஓடும்போது தடத்தைத் தாண்டி யாரும் உள்ளே போக முடியாது. நான் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு "ஆம்புலன்ஸை அனுப்புங்கடா" என்று கத்தினேன். இஞ்சின் சத்தத்தில் எனக்கே என் குரல் கேட்கவில்லை. பாதி தாண்டி மூன்றாவது சுற்றில் மழை கொட்டியது. பந்தயம் முடிந்ததாக அறிவித்தார்கள். டிக்கெட் காசு பத்திரமாக மெர்லிடமே இருந்தது. நான் சேற்றில் ஓடிப் போனபோது டெல்மரின் உதடு நீலமாக இருந்தது. மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

மறுநாள் பத்திரிகைக்காரனிடம் மெர்ல் ஸ்டாங்கி தொப்பியைக் கழற்றிக்கொண்டு சொன்னான்: "அவனே வலைய இறக்கிட்டான். அதுக்கப்புறம் நாங்க என்ன பண்றது?" ஊர் அதை அப்படியே விழுங்கியது. அடக்கம் முடிந்த சாப்பாட்டில் பன்றித்தொடை சாண்ட்விச்சைக் கடித்துக்கொண்டே ஒருவன் சொன்னான், "என்ன வீம்பு பாரு, உயிர் போறப்பக்கூட கேலரிக்குக் கை காட்டிட்டுப் போயிருக்கான்." பக்கத்தில் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள் ஜோடி. நான் கையுறையைப் பற்றிச் சொன்னேன். ஒவ்வொருவரிடமும் சொன்னேன். "துக்கத்துல இருக்கே ஆர்லீன்" என்று தோளைத் தட்டினார்கள். அந்தத் தோள்தட்டலை இன்றைக்கு நினைத்தாலும் யாரையாவது அறைய வேண்டும் போலிருக்கிறது.

ஜோடியும் என்னை நம்பவில்லை. அவள் அம்மா மறுமணம் செய்துகொண்டு அயோவாவுக்குப் போனாள். ஜோடி வளர்ந்து, மாடிசனில் நகரப் பேருந்து ஓட்டும் வேலைக்குச் சேர்ந்தாள். அப்பாவின் படம் ஒன்றுகூட அவள் வீட்டில் கிடையாது. ஒருமுறை நான் வற்புறுத்தியபோது சொன்னாள், "ஒரு வலையை இறக்காம இருந்திருந்தா போதும் அத்தை. நான் கேலரியில இருக்கேன்னு அவருக்குத் தெரியும். எனக்காக அதைக்கூட செய்யல." பெற்ற பிள்ளை அப்பனை வெறுக்கிறாள், அவன் செய்யாத ஒன்றுக்காக. எனக்கு வேண்டியதெல்லாம் அது ஒன்று மாற வேண்டும் என்பதுதான். நினைவுப் பந்தயமும் வேண்டாம், கல்வெட்டும் வேண்டாம்.

ரிக் வந்துபோன வெள்ளிக்கிழமை மதியம் ஊர்ச் சாராயக்கடையில் வறுத்த மீன் சாப்பாடு. நார்பர்ட் எப்போதும்போல ஓரத்து மேசையில் உட்கார்ந்திருந்தான். இப்போது கிழவன், முழங்கால் இரண்டும் போய்விட்டது. இத்தனை வருடமும் நான் அவனுக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவேன். அன்று நாற்காலியை இழுத்து அவன் எதிரில் போட்டேன்.

"மீன் எப்படி இருக்கு நார்ப்?"

முள்கரண்டி நின்றது. "முப்பத்தஞ்சு வருஷம் கழிச்சு மீனைப் பத்திக் கேக்கவா வந்தே?"

"இல்ல. இதைப் பத்தி." கைப்பையில் இருந்த டி-ஷர்ட்டை எடுத்து அவன் பிராந்திக் கிளாஸுக்குப் பக்கத்தில் விரித்தேன். "இந்தக் கை யாரோடது?"

"டெல்மரோடது."

"டெல்மர் கையுறை போட்டு நீ பாத்திருக்கியா?"

"ஆரம்பிச்சிட்டியா ஆர்லீன். மெர்லும் போய்ச் சேந்துட்டான். விடேன்."

"மெர்ல் செத்துட்டான். நீ இன்னும் மீன் தின்னுட்டு இருக்கியே. ஜோடி அப்பன் கையாலேயே இறக்கின வலைன்னு சொல்லி, அவளையே உக்கார வெச்சு இறக்கச் சொல்றானுங்க. கேட்டியா இல்லியா?"

அவனுக்கு அது தெரியாது. டி-ஷர்ட்டைக் கையில் எடுத்துப் பார்த்தான். கடையில் பேச்சு குறைந்தது.

"மெர்ல் வானத்தைக் காட்டினான்" என்றான் மெதுவாக. "'ரெண்டே ரெண்டு சுத்துடா நார்ப், வலைய இறக்கிட்டு இழுத்துட்டுப் போ'ன்னான். டெல்மர் கண்ணைத் தொறந்துதான் இருந்தான். சும்மா மூச்சு வாங்குறான்னு நெனச்சேன்."

"ஏதாவது சொன்னானா?"

அவன் டி-ஷர்ட்டை மடிக்கத் தொடங்கினான்.

"சொன்னானாடா?"

"கொக்கியில கை வெச்சேன். என் மணிக்கட்டைப் பிடிச்சான். 'வேணாம் நார்ப், இறக்காத, மூச்சு முட்டுது'ன்னான். பலமா ஒண்ணும் பிடிக்கல. கொழந்தை பிடிக்கிற மாதிரி. நான் கையை எடுத்து விட்டுட்டேன்."

இத்தனை வருடமாக நான் சொன்னதுதான் சரி என்று தெரிந்துவிட்டது. கொஞ்சம்கூட சந்தோஷம் வரவில்லை. அவன் தட்டை அப்படியே அவன் மடியில் கவிழ்த்தேன். மீன், முட்டைக்கோஸ், கம்பு ரொட்டி எல்லாம் கால்சட்டை முழுக்க வழிந்தது. அவன் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. கடைக்காரி ஓடி வந்தாள்.

"நீ போம்மா, இன்னும் முடியல" என்று அவளை அனுப்பிவிட்டு, போனில் ஜோடியின் எண்ணை அழுத்தினேன். "எங்கிட்ட சொன்னா ஆச்சா? அவகிட்ட சொல்லு."

"நேர்ல பாத்தா அவ என்னை அடிப்பா."

"அடிக்கட்டும். இப்ப போன்லதான சொல்றே, பிடி."

ஜோடி எடுத்தாள். நினைவுப் பந்தயம் என்ற பேச்சை எடுத்ததுமே, "அந்த ரிக் எனக்கும் போன் பண்ணான் அத்தை. அந்த ஆளு பேரை எங்கிட்ட எடுக்காதீங்கன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்" என்று சீறினாள். அந்த ஆள் என்றது அவள் அப்பாவை. நான் போனை நார்பர்ட்டிடம் நீட்டினேன்.

என்னிடம் சொன்னதையே அவளிடமும் சொன்னான். மெர்ல், வானம், மணிக்கட்டு, எதையும் விடவில்லை. அழுதுகொண்டே சொன்னான், எனக்கு இரக்கம் வரவில்லை. கடைசியில் அவள் ஒன்றே ஒன்று கேட்டாள். பக்கத்தில் இருந்த எனக்கும் கேட்டது.

"வேணாம்னா சொன்னாரு எங்கப்பா?"

"ஆமாம்மா. வேணாம்னுதான் சொன்னான்."

போனை வைத்துவிட்டாள்.

அதன்பிறகு நான் கூப்பிட்டபோதெல்லாம் அவள் எடுக்கவில்லை. கண்காட்சி ஞாயிறு வந்தது. ஸ்டாங்கியின் மைக்கை எப்படியாவது பிடுங்கிக் கத்திவிடுவது என்ற முடிவோடு போனேன். போனால், கார்கள் நிற்கும் இடத்தில் ரிக்குக்குப் பக்கத்தில் ஜோடி நின்றுகொண்டிருக்கிறாள்! ரிக் முகமெல்லாம் பல்லாக இருந்தான். அந்தப் போலிக் காருக்குப் பளபளவென்று பொடி மின்னும் சிவப்பு அடித்திருந்தார்கள். எட்டு நேராக இருந்தது.

"ஏண்டி, அதைக் கேட்டதுக்கப்புறமுமா இவன் கூப்பிட்டான்னு வந்து நிக்கறே?" என்று அவள் கையைப் பிடித்து இழுத்தேன்.

"பேசாம காருக்குப் பக்கத்துல வந்து நில்லுங்க அத்தை" என்றாள். கண் சிவந்திருந்தது. குரல் மட்டும் பேருந்தில் நிறுத்தத்தின் பெயர் சொல்கிற மாதிரி சாதாரணமாக இருந்தது.

கார்கள் வரிசையாகத் தடத்தில் ஏறி நின்றன. ஜோடி முதல் காரில் உட்கார்ந்து, வார்களை இழுத்துக் கட்டி, வலையைத் தூக்கிக் கொக்கியில் மாட்டினாள். இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ரிக் மைக்கில் குரல் நடுங்கப் பேசினான். அடிபட்ட நிலையிலும் தன் ரசிகர்களுக்காகத் தன் கையாலேயே வலையை இறக்கிய டெல்மர் என்றான். கேலரி எழுந்து நின்றது.

"இப்ப அவரோட மக, அதே வலைய இறக்கப் போறாங்க!"

வலை இறங்கவில்லை.

கைதட்டல் தொடங்கி, தயங்கி, நின்றது. ரிக் இன்னொரு முறை சொன்னான். சிரித்துக்கொண்டே மூன்றாவது முறையும் சொன்னான். ஜோடி நெற்றியை ஸ்டியரிங்கில் வைத்துக் கவிழ்ந்திருந்தாள். அசையவே இல்லை. பின்னால் நின்ற ஓட்டுநர்களும் வலையில் கை வைக்காமல் முன்னால் இருந்த காரையே பார்த்தார்கள். நானே ஒரு நொடி பயந்து ஜன்னல் பக்கம் ஓரடி வைத்தேன்.

ஆம்புலன்ஸில் இருந்தது பக்கத்து மாவட்டத்துச் சின்னப் பையனும் பெண்ணும். அவர்களுக்கு டெல்மரையும் தெரியாது, மெர்லையும் தெரியாது. தடத்தில் ஒரு கார் நிற்கிறது, வலை இறங்கவில்லை, ஓட்டுநர் அசையவில்லை. அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரியும். விளக்கு சுழல, சைரன் அலற, ஆம்புலன்ஸ் மைதானத்தின் குறுக்கே பாய்ந்து வந்து 38-ஆம் எண் காருக்குப் பக்கத்தில் நின்றது. அது நிற்பதற்குள் அந்தப் பெண் பையோடு குதித்து ஜன்னலுக்கு ஓடி வந்தாள்.

"மேடம், கேக்குதா? எங்க வலிக்குது? மூச்சு விட முடியுதா?"

ஜோடி தலையைத் தூக்கினாள். முகம் முழுக்க நனைந்திருந்தது. "முடியுதும்மா. எனக்கு ஒண்ணுமில்ல."

"அப்புறம் ஏன் வலைய இறக்கல?"

"வருவீங்களான்னு பாத்தேன்."

ரிக் மைக்கை விட்டுவிட்டு மூச்சிரைக்க ஓடி வந்தான். "என்ன ஜோடி இது? எல்லாரும் பாக்குறாங்க. ஆர்லீன், நீயாவது சொல்லு, பந்தயத்தை ஆரம்பிக்கணும்!"

"முடியாதுடா" என்றேன். "ஆம்புலன்ஸ் அதோட இடத்துல இல்ல."